சிபிடி க்ரீமும் ஆய்வகச் சோதனையும்: விற்பவர் கொடுத்த தாளை எப்படிப் படிப்பது?

#1 சோப்புக்கூடம்_ஈரோடு

எல்லாருக்கும் வணக்கம். நான் ஈரோட்டில் உரிமம் வாங்கி, சின்ன அளவில் சோப்பும் முகக் க்ரீமும் செய்து விற்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள். முகத்தில் எண்ணெய் வழிகிறது, பரு வருகிறது என்றுதான் தேடி வருகிறார்கள்.

போன வாரம் மூலப்பொருள் விற்பவர் ஒருவர் சிபிடி (கன்னபிடியால்) பொடி காட்டினார். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது, போதை தராத பகுதி, 99 சதவீதம் சுத்தம் என்றார். கூடவே நாலு பக்கத் தாள். அதில் ஒரு வரைபடம்: சிபிடி போடாத செல்லில் எண்ணெய் இவ்வளவு, போட்ட செல்லில் இவ்வளவு என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவது கட்டம் முதலாவதில் பாதிகூட இல்லை. அடியில் "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று தடித்த எழுத்து.

அந்த வரியை என் டப்பாவில் போடலாமா? போட்டால் அது உண்மையாக இருக்குமா? விலை அதிகம். அதைவிட, என்னை நம்பி வாங்குகிற பிள்ளைகளிடம் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் கவலை. ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது விளக்குங்கள்.

#2 செல்_வளர்ப்பு

அக்கா, நல்ல கேள்வி. நான் தோல் செல்களை வளர்த்துச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். உங்களிடம் வந்த வரைபடம் அநேகமாக ஹங்கேரியில் நடந்த வேலையிலிருந்து எடுத்ததாக இருக்கும். டெப்ரெட்சென் பல்கலைக்கழகத்தில் தமாஷ் பீரோ என்பவரின் குழு 2014-இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன் இதழில் வெளியிட்டது. சிபிடியையும் பருவையும் சேர்த்துப் பேசுகிற எல்லாரும் கடைசியில் அந்தக் கட்டுரையில்தான் போய் நிற்பார்கள். உண்மையிலேயே நேர்த்தியான ஆய்வு, அதில் சந்தேகமில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டது எஸ்இசட்95 என்ற எண்ணெய்ச் சுரப்பி செல் வரிசை. 1999-இல் ஜெர்மனியில் கிறிஸ்டோஸ் ஸூபுலிஸ் உருவாக்கியது. 87 வயதுப் பெண் ஒருவரின் முகத்தோலிலிருந்து எடுத்த செல்லில் ஒரு வைரஸ் மரபணுவை நுழைத்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்படி செய்திருக்கிறார்கள். உலகம் முழுக்க எண்ணெய்ச் சுரப்பைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வளர்க்கிறார்கள். உங்கள் வாடிக்கையாளர் 19 வயதுப் பையன் என்றால், தட்டில் இருக்கிற செல்லுக்கும் அவன் முகத்துக்கும் உள்ள தூரம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்தச் செல்களைச் சும்மா விட்டால் அதிகம் எண்ணெய் சேராது. அரகிடோனிக் அமிலம், லினோலிக் அமிலத்தோடு டெஸ்டோஸ்டிரோன் என்று கொடுத்துத் தூண்டிவிட வேண்டும். தூண்டியபின் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் பெருகும். நைல் ரெட் சாயம் போட்டால் அந்தத் துளிகள் ஒளிரும். ஒளியை அளந்தால் எண்ணெயின் அளவு கிடைக்கும். சிபிடி கொடுத்த தட்டில் ஒளி குறைந்தது. அது மட்டுமில்லாமல் அழற்சியைக் குறிக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபாவும் ஏறாமல் நின்றது, செல் பெருகுவதும் குறைந்தது.

ஏன் என்பதையும் தேடினார்கள். டிஆர்பிவி4 என்ற வாயில் திறந்து கால்சியம் உள்ளே போகிறது, அதனால் எண்ணெய் உற்பத்தி அடங்குகிறது. அழற்சி அடங்குவது ஏ2ஏ அடினோசின் ஏற்பி (செல்லுக்குச் சேதி வாங்கித் தரும் புரதம்) வழியாக. கஞ்சா என்றதும் எல்லாரும் நினைக்கிற சிபி1, சிபி2 ஏற்பிகள் இதில் முக்கியப் பங்கு வகிக்கவில்லை. பிறகு, அறுவை சிகிச்சையில் அகற்றிய மனிதத் தோல் துண்டை ஊடகத்தில் (செல் வளர்க்கும் சத்துத் திரவம்) உயிரோடு வைத்தும் பார்த்தார்கள். அங்கேயும் எண்ணெய் குறைந்தது.

#3 புதியவன்_திருச்சி

அப்போ நிரூபணம் ஆகிவிட்டதுதானே? மனிதத் தோலிலேயே பார்த்திருக்கிறார்களே. அக்கா தாராளமாகப் போடலாம் போலிருக்கிறதே?

#4 செல்_வளர்ப்பு

தம்பி, அந்தத் தோல் துண்டு ஊடகத்தில் மிதந்தது. சிபிடி அந்த ஊடகத்தில்தான் கலந்திருந்தது. மேலே பூசிய க்ரீம் உள்ளே இறங்கியது என்று அதற்கு அர்த்தமில்லை. மருந்து எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கிற நிலை அது.

இன்னொன்று, அளவு. அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது 10 மைக்ரோமோலார். சிபிடியின் மூலக்கூறு எடை 314.46. பெருக்கினால் ஒரு லிட்டருக்கு சுமார் 3.1 மில்லிகிராம். அதே கட்டுரையில் 50 மைக்ரோமோலார் கொடுத்தபோது செல்கள் சாகத் தொடங்கின. அதாவது வேலை செய்கிற அளவுக்கும் கொல்கிற அளவுக்கும் நடுவே ஐந்து மடங்குதான்.

இப்போது அக்கா 1 சதவீத க்ரீம் செய்கிறார் என்று வைப்போம். ஒரு கிராம் க்ரீமில் 10 மில்லிகிராம் சிபிடி. கிலோவுக்கு 10 கிராம். தட்டில் இருந்ததைவிடச் சுமார் 3,000 மடங்கு அடர்த்தி. இதைக் கேட்டதும் ஒருவர் "அப்படியானால் நிச்சயம் வேலை செய்யும்" என்பார், இன்னொருவர் "அப்படியானால் செல் செத்துவிடும்" என்பார். இரண்டையுமே இந்தக் கணக்கிலிருந்து சொல்ல முடியாது. தோலின் மேல் இருப்பது 3,000 மடங்கு. சுரப்பிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? அந்த எண்ணைத்தான் விற்பவரிடம் கேட்க வேண்டும். அவர் கொடுத்த நாலு பக்கத்தில் அது இருக்காது என்றே நினைக்கிறேன்.

தட்டுக்குள்ளேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிபிடி தண்ணீரில் கரையாது. டிஎம்எஸ்ஓவிலோ எத்தனாலிலோ கரைத்துத்தான் ஊடகத்தில் விட வேண்டும். ஊடகத்தில் கன்றின் சீரம் இருந்தால் அதிலுள்ள புரதம் சிபிடியில் பெரும் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீரத்தை எடுத்துவிட்டால் அதே 10 மைக்ரோமோலார் பல மடங்கு கடுமையாக வேலை செய்யும், சில செல்கள் தாங்காது. பிளாஸ்டிக் தட்டின் சுவரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு ஆய்வகத்தின் 10-ம் இன்னொரு ஆய்வகத்தின் 10-ம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தாளைப் படிக்கும்போது சீரம் எவ்வளவு சதவீதம் என்று தேடிப் பாருங்கள். கரைப்பான் மட்டும் விட்ட ஒப்பீட்டுத் தட்டு இருந்ததா என்றும் பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத வரைபடத்தை நான் மதிக்க மாட்டேன்.

#5 ஊடுருவல்_சோதகர்

மேலே கேட்ட "சுரப்பிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு" என்பதுதான் என் அன்றாட வேலை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதற்கு ஃபிரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் கருவி இருக்கிறது. 1975-இல் தாமஸ் ஃபிரான்ஸ் எழுதிய கட்டுரையால் பரவியது. கீழே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கண்ணாடிக் குடுவை, அதன் வாயில் தோலை விரித்து, மேலே இன்னொரு வளையம் வைத்துக் கவ்வியால் இறுக்குவோம். தோல் பன்றிக் காதிலிருந்து எடுத்ததாகவோ, அறுவை சிகிச்சையில் மிஞ்சிய மனிதத் தோலாகவோ இருக்கும். குடுவையைச் சுற்றி வெந்நீர் ஓடும், தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் நிற்க வேண்டும். உள்ளே ஒரு பொடிக் காந்தம் சுழன்றுகொண்டே இருக்கும். பக்கவாட்டுக் குழாய் வழியாக மணிக்கொரு தடவை ஊசியால் கொஞ்சம் திரவம் எடுத்து, அதே அளவு புதிதாக விடுவோம். தோலின் அடியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் போதும், அந்த இடத்தில் எதுவும் இறங்காது. அதனால் குடுவையைச் சாய்த்துச் சாய்த்துக் குமிழியை விரட்டுவதிலேயே காலை நேரம் போய்விடும். ஓஇசிடி அமைப்பு 2004-இல் இதற்கு 428 என்ற எண்ணில் வழிகாட்டி வெளியிட்டது.

சிபிடிக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. கீழ்க்குடுவையில் வழக்கமான உப்புக் கரைசலை மட்டும் ஊற்றினால், சிபிடி அதில் கரையாததால், தோலைத் தாண்டி வர மனசே வராது. 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பூஜ்யம். "எங்கள் க்ரீம் ரத்தத்தில் கலக்காது, மிகவும் பாதுகாப்பானது" என்று அதை வைத்து விளம்பரம் எழுதிவிடலாம். அல்புமின், எத்தனால், சோப்பு வகைப் பொருள் இப்படி ஏதாவது சேர்த்துக் கரையும் வசதி செய்துகொடுத்தால்தான் உண்மையான எண் வரும். அதே சமயம் எத்தனாலை அதிகம் சேர்த்தால் தோலே கெட்டுப்போய், இறங்கக் கூடாததெல்லாம் இறங்கும். இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

24 மணி நேரம் முடிந்ததும் மேலே மிஞ்சிய க்ரீமைத் துடைத்து எடுத்து வைப்போம். அப்புறம் ஒட்டுநாடாவைத் தோலில் அழுத்தி உரிப்போம். ஒவ்வொரு நாடாவிலும் வெளி அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக வரும். பின்பு மேல்தோலையும் அடித்தோலையும் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிபிடி என்று திரவ நிறப்பிரிகையில் அளப்போம். துடைத்தது, நாடா, மேல்தோல், அடித்தோல், கீழ்த் திரவம் எல்லாவற்றையும் கூட்டினால், போட்ட அளவில் 90-லிருந்து 110 சதவீதத்துக்குள் வர வேண்டும். 60 வந்தால் மீதி எங்கே போனது என்று தெரியாத சோதனை அது.

சிபிடி எண்ணெயில் அப்படியே கரைந்து நிற்கிற ஜாதி. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே விட்டால், எண்ணெய்ப் பக்கம் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சேரும். மூலக்கூறு எடை 500-க்குக் கீழ் இருப்பதால் தோலுக்குள் நுழையும். ஆனால் வெளியில் இருக்கிற இறந்த செல் அடுக்கு கொழுப்பு நிறைந்தது, அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் கீழே இருப்பது நீர் நிறைந்த உயிருள்ள திசு. அங்கே இறங்க அதற்கு விருப்பமில்லை. நாங்கள் பார்த்த வரையில் பெரும் பங்கு துடைத்த பஞ்சிலும் முதல் சில நாடாக்களிலும்தான் கிடைக்கும்.

எண்ணெய்ச் சுரப்பி இருப்பது அடித்தோலில், மயிர்க்காலை ஒட்டி. மயிர்க்கால் துவாரம் வழியாகவே, அங்கிருக்கிற எண்ணெயோடு கலந்து, சிபிடி நேராகப் போக வாய்ப்பு உண்டு. இது நல்ல வழி. ஆனால் வெட்டி எடுத்த தோலில் மயிர்க்கால்கள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. அதனால் ஃபிரான்ஸ் செல் இந்த வழியைக் குறைத்துக் காட்டலாம். இப்படி ஒரு சோதனை மறைப்பதை இன்னொன்று காட்ட வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் உறுதி. அதே 1 சதவீதம் சிபிடியை வாசலினில் கலந்தால் ஒரு எண், ஆல்கஹால் ஜெல்லில் கலந்தால் வேறொரு எண். விற்பவர் எந்த அடிப்பசையில் சோதித்தாரோ அதற்கு மட்டும்தான் அந்த எண் பொருந்தும். உங்கள் க்ரீமுக்குப் பொருந்தாது.

#6 மருந்துக்கடை_மதுரை

செல்லில் இருந்து முகம் வரைக்கும் உண்மையில் யாராவது போனார்களா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. போனார்கள். ஆஸ்திரேலியாவின் பொட்டானிக்ஸ் பார்மசூட்டிக்கல்ஸ் நிறுவனம் பிடிஎக்ஸ் 1503 என்ற பெயரில் சிபிடி கரைசல் ஒன்றைச் செய்து, முகப்பருவுக்கு இரண்டாம் கட்டச் சோதனை நடத்தியது. 368 பேர், 12 வாரம். சிபிடி இருந்தது 5 சதவீதம் வரை. அக்கா நினைக்கிற 1 சதவீதம் இல்லை. 2019 அக்டோபரில் முடிவு வந்தது. சிபிடி பூசியவர்களுக்குப் பரு குறைந்தது. சிபிடி இல்லாத வெறும் கரைசல் பூசியவர்களுக்கும் நன்றாகவே குறைந்தது. இரண்டுக்கும் புள்ளியியல்படி போதிய வித்தியாசம் இல்லை. நிர்ணயித்த முதன்மை இலக்கை எட்டவில்லை.

டெப்ரெட்சென் தட்டுக்கும் இந்த முடிவுக்கும் நடுவே ஐந்து வருடம். ஆய்வு பொய் என்றில்லை, செல்லில் நடந்தது நடந்ததுதான். ஆனால் "நிரூபிக்கப்பட்டது" என்று தடித்த எழுத்தில் போடுகிறவர் 2014-ஐச் சொல்லிவிட்டு 2019-ஐச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

#7 மலைக்காற்று

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்தபோது ஒரு சிபிடி பால்ம் பூசினேன். கன்னத்தில் சிவப்பு குறைந்தது, வறட்சி போனது. எனக்கு வேலை செய்தது. 368 பேரின் சராசரியை வைத்து என் கன்னத்தில் நடந்ததை இல்லை என்று சொல்ல முடியுமா?

#8 ஊடுருவல்_சோதகர்

இல்லை என்று சொல்லவே மாட்டேன். உங்கள் கன்னம் சரியானது உண்மை. கேள்வி, எதனால் என்பதுதான். பால்ம் என்றால் ஷியா வெண்ணெய், தேன்மெழுகு, ஏதோ ஒரு எண்ணெய். இவை மட்டுமே தோலிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். வறட்சி போனால் சிவப்பும் குறையும். அதே பால்ம், சிபிடி மட்டும் இல்லாமல், மறு கன்னத்தில் பூசியிருந்தால் தெரிந்திருக்கும். அரைமுகச் சோதனை என்று இதைத்தான் செய்வார்கள். எந்தப் பக்கம் எது என்று பூசுகிறவருக்கும் தெரியாது, அளக்கிறவருக்கும் தெரியாது. டியூவாமீட்டர் வைத்து நீர் இழப்பையும், மெக்ஸாமீட்டர் வைத்துச் சிவப்பையும், செபுமீட்டர் வைத்து எண்ணெயையும் அளப்பார்கள். செபுமீட்டர் என்பது மங்கலான ஒரு நாடா, தோலில் முப்பது விநாடி அழுத்தினால் எண்ணெய் பட்ட அளவுக்கு ஒளி ஊடுருவும். எளிமையான சங்கதி. காலையில் முகம் கழுவிய நேரம், அறையின் வெப்பம், ஈரப்பதம் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் எண்ணை நம்பலாம். நம் ஊர் மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் எடுத்த செபுமீட்டர் எண் எதற்கும் உதவாது.

#9 மலைக்காற்று

சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். மறு கன்னத்தில் வெறும் பால்ம் பூசிப் பார்த்ததில்லை.

#10 சிங்கை_வாசி

நடுவில் ஒரு எச்சரிக்கை. இங்கே சிங்கப்பூரில் சிபிடியும் கஞ்சாப் பொருளாகவே தடை. க்ரீம் என்றாலும் விதிவிலக்கு இல்லை. ஹாங்காங் 2023 பிப்ரவரி 1 முதல் தடை செய்துவிட்டது. சீனா 2021-இலேயே அழகுப் பொருட்களில் சிபிடியை விலக்கிவிட்டது. ஊரிலிருந்து தங்கைக்கு, அக்காவுக்கு என்று பெட்டியில் வைத்து அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள். வாங்கிய நாட்டில் சட்டப்படி சரி என்பது விமான நிலையத்தில் செல்லாது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. சிபிடி போதைப்பொருள் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஜப்பான் 2024 டிசம்பரிலிருந்து, கஞ்சாவில் போதை தருகிற டிஹெச்சியின் மிச்சத்துக்கு எண் வைத்துவிட்டது, எண்ணெய் வகைப் பொருளில் பத்து லட்சத்தில் 10 பங்கு வரைதான்.

#11 மருந்துக்கடை_மதுரை

இந்தியாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் "கஞ்சா" என்பது பூக்கும், காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. இலைச் சாற்றில் செய்த மருந்துகள் ஆயுஷ் உரிமத்தில் விற்பது இந்த இடைவெளியில்தான். ஆனால் இலைக்கும் மாநில அரசுகள் தனி விதி வைத்திருக்கலாம். அக்காவிடம் விற்க வந்தவர் பொடி இலையிலிருந்து வந்ததா, பூவிலிருந்து வந்ததா, எந்த மாநிலத்து உரிமம் என்று தாள் தர வேண்டும். தராவிட்டால் ஒரு கிராம்கூட வாங்கி வைக்காதீர்கள். வாங்குவதற்கு முன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, டப்பாவில் "பருவைக் குணமாக்கும்" என்று எழுதினால் அது அழகுப் பொருளே இல்லை, மருந்து. 1940-ஆம் வருட மருந்து, அழகுப்பொருள் சட்டப்படி உரிமம் வேறு.

#12 சோப்புக்கூடம்_ஈரோடு

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, கஞ்சா விதை எண்ணெய் சட்டப்படி சுலபம் என்கிறார்கள், அதிலும் சிபிடி இருக்கிறது என்று அதே ஆள் சொன்னார். பாகிஸ்தானில் விதைச் சாற்று க்ரீம் முகத்தில் எண்ணெயைக் குறைத்தது என்று ஒரு ஆய்வும் காட்டினார். இரண்டு, நான் இதைச் சோப்பில் போட நினைத்தேன். க்ரீமைவிடச் சோப்புதான் எனக்கு அதிகம் ஓடுகிறது.

#13 செல்_வளர்ப்பு

விதையில் சிபிடி உருவாவதில்லை. மேலே ஒட்டியிருக்கிற பூவின் பிசினிலிருந்து கொஞ்சம் வரலாம், அவ்வளவுதான். விதை எண்ணெய் நல்ல எண்ணெய்தான், பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் கணிசமாக உண்டு. அதை அதன் பெயரிலேயே விற்கலாம். சிபிடியின் பெயரில் விற்கக் கூடாது. பாகிஸ்தான் ஆய்வு 2015-இல் வந்தது. பஹாவல்பூரில் செய்தது, 3 சதவீத விதைச் சாறு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆண்கள், கன்னத்தில். விதைச் சாறு பற்றிய சிறு ஆய்வு அது. சிபிடிக்குச் சாட்சியாக அதை இழுப்பது தப்பு.

சோப்பு விஷயத்தில் ஒரு வேதியியல் காரணமே போதும். சிபிடியை எத்தனாலில் கரைத்துக் காரம் விட்டால் காற்று பட்டதும் ஊதா நிறம் வரும். பீம் சோதனை என்று நூறு வருடத்துக்கு மேலாகக் கஞ்சாவை அடையாளம் காணப் பயன்படுத்தியது இதுதான். சிபிடி ஆக்ஸிஜனேற்றமாகிக் குயினோனாக மாறுகிற நிறம் அது. நீங்கள் காஸ்டிக் சோடாவில் குளிர்முறைச் சோப்பு செய்கிறீர்கள் என்றால், விலை கொடுத்து வாங்கிய பொடி அச்சுக்குள்ளேயே கெடத் தொடங்கும். மிஞ்சியதும் ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். ஃபிரான்ஸ் செல்லில் 24 மணி நேரம் வைத்தே கொஞ்சம்தான் இறங்குகிறது என்று மேலே படித்தோம்.

க்ரீமிலும் இந்தச் சிதைவைப் பார்க்க வேண்டும். 40 டிகிரியில் மூன்று மாதம் வைத்து, மாதாமாதம் சிபிடி எவ்வளவு மிஞ்சுகிறது, நிறம் இளஞ்சிவப்பாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் புகாத, காற்று புகாத பம்ப் டப்பா நல்லது. வாயகன்ற டப்பா வேண்டாம்.

#14 புதியவன்_திருச்சி

பாதுகாப்புக்கு என்ன சோதனை செய்ய வேண்டும் அண்ணா? எலி, முயல் மேல் பார்ப்பார்களா?

#15 ஊடுருவல்_சோதகர்

பார்க்கக் கூடாது தம்பி. இந்தியாவில் 2014-இலேயே அழகுப் பொருளுக்கு விலங்குச் சோதனை தடை. ஐரோப்பாவில் 2013 மார்ச் முதல் அப்படிச் சோதித்ததை விற்கவே முடியாது. பதிலுக்கு, மனித செல்களை அடுக்கடுக்காக வளர்த்த செயற்கை மேல்தோல் இருக்கிறது, எபிடெர்ம், எபிஸ்கின் என்று. ஓஇசிடி 439 வழிகாட்டிப்படி அதன்மேல் பொருளை வைத்துக் கழுவி, எம்டிடி என்ற மஞ்சள் கரைசலை விடுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா பாதிக்கும் கீழே போனால் எரிச்சலூட்டும் பொருள். சில ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பிகள் செல்லே இல்லாமல் தாமாகவே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அந்த மாதிரிப் பொருளைச் சோதிக்கும்போது செத்த தோல் வைத்து ஒரு ஒப்பீடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் செத்த செல்லையும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு காட்டும்.

ஒவ்வாமைக்குத் தனிச் சோதனைகள் உண்டு. கடைசியில் மனிதர்கள் முதுகில் பேட்ச் ஒட்டிப் பார்ப்பது. மூன்று வாரம் மாற்றி மாற்றி ஒட்டி, இரண்டு வாரம் விட்டு, திரும்ப ஒட்டுவார்கள். உடம்பு அதற்குள் எதிர்ப்பு கற்றுக்கொண்டதா என்று அப்போது தெரியும்.

#16 செல்_வளர்ப்பு

"சிபிடி ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பி, தோலுக்கு இளமை" என்ற வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு 2020-இல் காட்டியது நிஜமாகவே சுவாரசியம். மேல்தோல் செல்லில் பாக்1 என்ற அடக்கியைச் சிபிடி விலக்குகிறது, அதனால் ஹீம் ஆக்ஸிஜனேஸ் 1 என்ற பாதுகாப்பு நொதி ஏறுகிறது. விளம்பரத்தில் இந்தப் பாதி மட்டும் வரும். அதே ஆய்வில், எலியின் தோலில் பூசியபோது கெரட்டின் 16, 17 என்ற தோல் புரதங்கள் ஏறின, செல் பெருகுவதும் கூடியது. காயம் ஆறும்போது ஏறுகிற கெரட்டின்கள் இவை. சொரியாசிஸ் தோலிலும் இவைதான் ஏறியிருக்கும். இதற்கு முன் 2007-இல் நாட்டிங்ஹாமில் தட்டில் வளர்த்த மேல்தோல் செல்லில் சிபிடி பெருக்கத்தைக் குறைத்தது. தட்டில் ஒரு திசை, உயிருள்ள தோலில் இன்னொரு திசை. சொரியாசிஸுக்கு நல்லது என்று விற்கிறவர்கள் 2007 ஆய்வை மட்டும் சொல்வார்கள். அந்த நோயோடு வாழ்கிறவர்கள் எதையும் பூசிப் பார்க்கத் தயாராக இருப்பார்கள். அவர்களிடம் பாதியை மறைப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

#17 மருந்துக்கடை_மதுரை

டப்பாவில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்பதே பல இடங்களில் கேள்வி. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 105 பூச்சுப் பொருட்களை வாங்கிச் சோதித்து 2022-இல் வெளியிட்டது. மொத்த சிபிடி அளவை எழுதியிருந்தவை 89. அவற்றில் 21 மட்டுமே எழுதியதற்கு 10 சதவீதத்துக்குள் சரியாக இருந்தன. 52-இல் எழுதியதைவிட அதிகம், 16-இல் குறைவு. 105-இல் 37-இல் டிஹெச்சி இருந்தது. ஒழுங்கான கடைகள் இருக்கிற நாட்டிலேயே இப்படி.

#18 சோப்புக்கூடம்_ஈரோடு

விற்பவரிடம் நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டேன். சீரம் எவ்வளவு, எந்த அடிப்பசை, ஃபிரான்ஸ் செல் எண் உண்டா, சிபிடி இல்லாத க்ரீமோடு ஒப்பிட்டீர்களா என்று. அவர் நல்ல மனிதர்தான், பதில் தெரியவில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். மேலே கேட்டு அனுப்புகிறேன் என்றார். இன்று ஒரு பகுப்பாய்வுச் சான்றிதழ் மட்டும் வந்தது. சிபிடி 99.3 சதவீதம், டிஹெச்சி "கண்டறியப்படவில்லை". எனக்குக் காட்டிய பாக்கெட்டில் இருந்த பேட்ச் எண்ணும் சான்றிதழில் இருப்பதும் வேறு வேறு. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

#19 ஊடுருவல்_சோதகர்

பேட்ச் எண் வேறு என்றால் அந்தச் சான்றிதழ் வேறொரு பொடிக்கு. உங்கள் பொடியைப் பற்றி உங்களிடம் இப்போது எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "கண்டறியப்படவில்லை" என்ற இடத்தில், எவ்வளவு வரை கண்டறிய முடியும் என்ற எண் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கருவி 0.1 சதவீதம் வரைதான் பார்க்கும் என்றால், ஜப்பான் வைத்திருக்கிற வரம்பைப்போல் நூறு மடங்கு இருந்தாலும் "கண்டறியப்படவில்லை" என்றுதான் வரும். ஈயம், காட்மியம் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் செடி மண்ணிலிருந்து உலோகத்தை நன்றாக இழுக்கும். பூச்சிக்கொல்லி, கரைப்பான் மிச்சம், இவற்றுக்கும் பக்கம் வேண்டும்.

#20 மருந்துக்கடை_மதுரை

நீங்களே சோதித்துப் பார்க்க நினைத்தால் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தைத் தேடுங்கள். மாதிரியைத் தபாலில் போடுவதற்கு முன், கஞ்சா சார்ந்த மாதிரியை வாங்கி வைக்க அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூலத்துக்கான உரிமத் தாள் வரும்வரை பொடியை உங்கள் கூடத்துக்குள் எடுக்கவே வேண்டாம்.

#21 சோப்புக்கூடம்_ஈரோடு

பொடி அவரிடமேதான் இருக்கிறது, வாங்கவில்லை. உரிமத் தாளும் சரியான பேட்சின் சான்றிதழும் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். அதுவரை பிள்ளைகளுக்கு என் பழைய வேப்பெண்ணெய்ச் சோப்புதான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.